செண்பகம் எதுக்குச் சாகணும்?

ஜூன் 3, செவ்வாய்

டைரக்டர் தம்பி ஒரு நோட்டு குடுத்திருக்கான். "அக்கா, தினமும் உங்களைச் செண்பகமா நினைச்சுக்கிட்டு இதுல எழுதுங்க. கேரக்டருக்குள்ள போயிடுவீங்க"ன்னான். இருபது வருஷத்துக்கு மேல நடிக்கிறேன். அம்மா, அண்ணி, நர்ஸ், கான்ஸ்டபிள், ஒரு தடவை மாரியாத்தா. யாரும் என்கிட்ட இப்படிக் கேட்டதில்லை. அதுக்காகவே எழுதுறேன். ஆனா செண்பகமா எல்லாம் எழுத மாட்டேன். சியாமளாவாத்தான் எழுதுவேன். இஷ்டமிருந்தா படிக்கட்டும்.

தம்பி பேரு முகிலன். முதல் படம். கதை இதுதான்: செண்பகம்னு ஒருத்தி, நாப்பது தாண்டினவ, புருஷனோட ஃபிளாட்ல இருக்கா. ஒரு நாள் காலைல முழங்கையில ஒரு தடிப்பு. தொட்டுப் பார்த்தா மரப்பட்டை. அது கை, கழுத்து, முதுகுன்னு பரவுது. அவ தேங்காய்த் துருவியை வெச்சுச் சுரண்டிச் சுரண்டி எடுக்குறா. மூணு மாசம் புருஷனுக்குத் தெரியாம மறைக்கிறா. கடைசில முகத்துக்கும் ஏறிடுது. கண்ணாடியைப் பார்க்குறா, மண்ணெண்ணெயை ஊத்திக் கொளுத்திக்கிறா. படம் முடிஞ்சது. மரமா மாறுறவளுக்குச் செண்பகம்னு பேரு. ரொம்ப யோசிச்சு வெச்சிருப்பான் போல.

"இதுக்கு நான் எதுக்குத் தம்பி?"ன்னு கேட்டேன். "மேக்கப் போட அரை நாள் ஆகும்க்கா. பெரிய ஹீரோயின் யாரும் ஒத்துக்கலை"ன்னு பட்டுன்னு சொல்லிட்டான். பொய் சொல்லத் தெரியாத புள்ளை. பிடிச்சுப் போச்சு.

இன்னொண்ணும் கேட்டேன். "அவ எதுக்குச் சாகணும்?" "அதான்க்கா கிளைமாக்ஸ்"னான். இதெல்லாம் ஒரு பதிலா?

சாயங்காலம் சீரியல் பார்த்தேன். நான் பண்ணின ருக்மணியை இப்ப வேற ஒரு பொண்ணு பண்ணுது. ஆறு வருஷம் அந்த மாமியாரை நான் கட்டிக் காப்பாத்தினேன். போன தீபாவளி சமயத்துல ஒரு நாள் "இனி ருக்மணியாக இவர்"னு கீழே எழுத்து ஓடுச்சு, அவ்வளவுதான். எனக்கு ஒண்ணும் வருத்தமில்லை. ஆனா சாவிக்கொத்தை இடுப்புல செருகத் தெரியாதவளைப் பார்த்து எந்த மருமக பயப்படுவா?

ஜூன் 5, வியாழன்

வடபழனி ஆபீஸ்ல டிஸ்கஷன். புரொடியூசர் வைத்தீஸ்வரன் சாரும் வந்திருந்தார். கீரை வடையைக் கடிச்சுக்கிட்டே, "தம்பி, லாஜிக் இடிக்குதே"ன்னார். "ஒரே வீடு, ஒரே கட்டில். மூணு மாசம் புருஷனுக்குத் தெரியாமயா இருக்கும்? எங்க வீட்டம்மா மூக்குத்தி மாத்தினாலே எனக்குத் தெரிஞ்சுடும்பா."

முகிலன் முழிச்சான். சட்டை, சால்வை, இருட்டுன்னு என்னென்னமோ சொன்னான். ஒண்ணும் எடுபடலை. நான் கம்முன்னு இருந்திருக்கலாம். என் வாய் எங்க சும்மா இருக்கு.

"அவன் முதல் நாளே பார்த்துட்டான் சார்"னேன். "அவ பட்டையை மறைக்கிறா. அவன், பார்த்ததை மறைக்கிறான். என்னன்னு கேட்டா அவ பதில் சொல்லுவா. பதில் வந்துட்டா அவன் ஏதாவது செய்யணும். அதனால தட்டைப் பார்க்குறான், டிவியைப் பார்க்குறான், அவ முகத்தை மட்டும் பார்க்க மாட்டேங்குறான். அவளுக்கும் அது தெரியும். கேக்கட்டும்னு காத்துக்கிட்டிருக்கா. ஒரு நாள் வேணும்னே சட்டைக் கையை மடிச்சு விட்டுக்கிட்டுச் சோறு போடுறா. அவன் ரசம் கேக்குறான்."

புரொடியூசர் வடையைக் கீழே வெச்சுட்டார். "எங்கேர்ந்தும்மா புடிச்சீங்க இதை?"ன்னார். சும்மா தோணுச்சுன்னு சொன்னேன். முகிலன் அதை அப்படியே எழுதிக்கிட்டான்.

ராத்திரிக்குத் தோசை, தக்காளிச் சட்னி. வீட்டுக்காரர் ஹால்ல டிவி முன்னாடியே சாப்பிட்டார். அவருக்கு ஏசி ஒத்துக்கலை, சளி பிடிக்குது. அதனால கொஞ்ச மாசமா ஹால்லதான் படுக்கை. வெயில் காலத்துல என்ன சளியோ.

ஜூன் 7, சனி

புளி, சீரகம், மாத்திரை வாங்கணும். கேஸ் புக் பண்ணணும். சாவிக்கொத்தை இன்னிக்கும் கையிலேயே வெச்சுக்கிட்டு நின்னா சீரியல்ல அந்தப் பொண்ணு.

ஜூன் 10, செவ்வாய்

இன்னிக்கு நடந்த கூத்தை என்னன்னு சொல்ல.

மேக்கப் ஸ்டீபனை எனக்குப் பழக்கம். ராயபுரத்துக்காரன், கை நல்ல கை. மாரியாத்தா படத்துக்கு என் முகத்துல மாவைப் பூசி அச்சு எடுத்தவன் அவன்தான். அந்த அச்சைப் பத்திரமா வெச்சிருந்திருக்கான். "அக்காவை எதுக்குத் திரும்பவும் மூச்சு முட்ட வைக்கணும்"னு நல்ல எண்ணத்துல, அதை வெச்சே முகத்துக்கான பட்டை அத்தனையும் செஞ்சு முடிச்சுட்டான். ரப்பர்ல ஒவ்வொண்ணும் அசல் மரம் மாதிரியே இருக்கு.

இன்னிக்கு வெச்சுப் பார்த்தா எதுவும் உக்காரலை. கன்னத்துப் பட்டை காது வரைக்கும் போகாம பாதியில நிக்குது. தாடைப் பட்டை கழுத்துக்கு மேலேயே தூக்கிக்கிட்டு நிக்குது. ஸ்டீபன் அமுக்கிப் பார்த்தான், இழுத்துப் பார்த்தான். அப்புறம் அவனுக்குப் புரிஞ்சுடுச்சு. என் கண்ணைப் பார்க்காம, "ரப்பர் கொஞ்சம் சுருங்கிடுச்சு போலக்கா"ன்னான். அசிஸ்டென்ட் எல்லாம் தரையைப் பார்க்குறாங்க.

எனக்கு வந்துச்சே ஒரு கோபம். "ரப்பர் சுருங்கலை ஸ்டீபன், என் மூஞ்சி வீங்கியிருக்கு. வாயைத் திறந்து சொல்லேன்"னேன். "மூட்டு வியாதிக்கு ஸ்டீராய்டு மாத்திரை போடுறேன். அது போடலேன்னா எனக்கு விரல் மடங்காது, குழாயைத் திறக்க முடியாது. போட்டா கன்னம் பூரி மாதிரி உப்பிக்குது. இதுதான் இப்ப என் முகம். முகம் சரியாத்தான் இருக்கு, உன் அச்சுதான் பழசு. மாவைக் கரை, புதுசா எடு."

எடுத்தான். மாவு காயுற வரைக்கும் மூக்கு ஓட்டை வழியா மூச்சு விட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். கழட்டினதும் உள்பக்கத்தைப் பார்த்தேன். நல்லா பெரிய முகம். சாமிக்கு வைக்கிற முகம் மாதிரி இருந்துச்சு.

சீரியல்காரங்க என்கிட்ட மாத்திரையைப் பத்தி எல்லாம் கேக்கவே இல்லை. "ரெஸ்ட் எடுங்க மேடம்"னாங்க. நான் ரெஸ்ட் கேட்டேனா?

ஜூன் 14, சனி

போரூர் ஃபிளாட்ல ஷூட்டிங். சீன் முப்பத்தொண்ணு. செண்பகம் கொதிக்கிற சட்டியைத் துணி இல்லாம வெறுங்கையால இறக்கி வைக்கிறா. கையில பட்டை இருக்கிறதால சுடவே இல்லை. அவளே ஆச்சரியப்பட்டு, இன்னொரு தடவை தூக்கிப் பார்க்குறா. எனக்கு ரொம்பப் பிடிச்ச சீன். முதல் தடவையா அவ மூஞ்சியில ஒரு திமிர் வருது.

ஷாட் முடிஞ்சு டீ குடிக்கும்போதுதான் உறைச்சுது. முகிலனைக் கூப்பிட்டேன். "ஏன் தம்பி, இவ கைக்குக் கொதிக்கிற சட்டியே சுடலை. அப்புறம் உடம்பு பூரா பட்டை ஏறினதுக்கு அப்புறம் எப்படிடா நெருப்புல சாவா?"

டீ அவன் வாய்க்குப் போற வழியிலேயே நின்னுடுச்சு. "அக்கா, ஹாரர் படத்துல லாஜிக் பார்க்காதீங்க"ன்னான். "பட்டை முளைக்கிறதுக்கு நான் லாஜிக் கேட்டேனா? முளைக்கட்டும். முளைச்சதுக்கு அப்புறம் அது பட்டையாவே இருக்கணுமா இல்லையா?"ன்னேன். லைட்மேன் ஒருத்தர், "அம்மா சொல்றது கரெக்டு சார்"னு மேலேர்ந்து குரல் குடுத்தார்.

ஜூன் 18, புதன்

மண்ணெண்ணெய் ரத்து. இப்ப செண்பகம் மொட்டை மாடியிலேர்ந்து குதிக்கிறாளாம்.

"சீன் நாப்பதுல பாத்ரூம்ல வழுக்கி விழறா. டைல்ஸ்தான் உடையுது, அவளுக்கு ஒண்ணும் ஆகலை. நீ எழுதினதுதானே?"ன்னேன். தலையில கையை வெச்சுக்கிட்டு உக்காந்துட்டான். பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா எனக்கும் செண்பகத்துக்கும் வேற யாரு இருக்கா?

ஜூன் 20, வெள்ளி

விஷமாம். பால்கனிச் செடிக்கு அடிக்கிற பூச்சிமருந்தைக் குடிச்சுடுறாளாம். "உள்ளுக்குள்ள அவ இன்னும் மனுஷிதான்க்கா"ன்னு ஜெயிச்ச மாதிரி சிரிக்கிறான். எனக்கு உடனே பதில் வரலை. எரிச்சலா இருக்கு.

ஜூன் 24, செவ்வாய்

கழுத்துப் பட்டையோட கோந்து இன்னிக்கு விடவே இல்லை. ஸ்டீபன் தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்ச்சும் காதுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒட்டிக்கிட்டே நின்னுடுச்சு. இழுத்தா தோல் வந்துடும்க்கா, நாளைக்கு எடுத்துக்கலாம்னான். அப்படியே ஆட்டோ பிடிச்சு வந்துட்டேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில பார்த்துட்டு, "என்னம்மா தீக்காயமா? மஞ்சள் போட்டீங்களா?"ன்னு பதறிட்டார். வளசரவாக்கம் வர்ற வரைக்கும் அவங்க அக்கா பொண்ணு மேல எண்ணெய் கொட்டின கதை.

வீட்டுக்காரருக்குச் சாதம் போட்டேன். முருங்கைக்காய் சாம்பார், அப்பளம். தலையை முடிஞ்சு கொண்டை போட்டுக்கிட்டேன், வேர்வையா இருந்துச்சு. காதுக்குக் கீழே கறுப்பா, கரடுமுரடா, ஒரு மரமே ஒட்டிக்கிட்டிருக்கு. பக்கத்துல நின்னுதான் பரிமாறினேன்.

"ரசம் இருக்கா?"ன்னார்.

பாவம், ஆபீஸ்ல வேலை அதிகம் போல. களைப்புல கவனிச்சிருக்க மாட்டார்.

ஜூலை 1, செவ்வாய்

இன்னிக்கு நல்லா சண்டை. கிளைமாக்ஸை அடுத்த வாரம் எடுக்குறாங்க. கேரவன்ல முகிலனை உக்கார வெச்சுக் கேட்டேன்.

"விஷம் வேலை செய்யும், சரி. ஆனா அவ எதுக்குக் குடிக்கிறா? மூணு மாசம் துருவியை வெச்சு ரத்தம் வரச் சுரண்டிக்கிட்டு, எப்படியாவது இருந்துடணும்னு போராடினவ. இப்ப சட்டி சுடலை, விழுந்தா அடிபடலை, வலி இல்லை. முன்னைவிட நல்லா இருக்கா. இப்ப போய் ஏன்டா சாகணும்னு நினைக்கிறா?"

"அக்கா, அவ கண்ணாடியைப் பார்க்குறா."

"பார்த்தா?"

"அந்த மாதிரி ஒரு மூஞ்சியை வெச்சுக்கிட்டு எப்படிக்கா ஒரு பொம்பளை வாழ முடியும்?"

சொல்லிட்டான். சொன்னதுக்கு அப்புறம்தான் எதிர்ல யாரு உக்காந்திருக்கான்னு பார்த்தான். காது வரைக்கும் சிவந்து போச்சு. "அக்கா, நான் அந்த அர்த்தத்துல..."

"எந்த அர்த்தத்துல வேணா சொல்லிக்க. வாழலாம் தம்பி. காலைல எந்திரிச்சுப் பல் விளக்கலாம். காபி போடலாம். பஸ் ஏறலாம். மூஞ்சி எதையும் தடுக்காது. பார்க்கிறவன்தான் தடுக்கிறான். கண்ணாடியைப் பார்த்து அவ சாகலை, நீ பார்த்துட்டு அவளைச் சாகடிக்கிறே. அதை ஒத்துக்க."

அழக்கூடாதுன்னு இருந்தேன், அழலை. அவன்தான் கண்ணைத் துடைச்சுக்கிட்டான். "புரொடியூசர்கிட்ட சாவுதான் முடிவுன்னு சொல்லித்தான்க்கா படமே ஆரம்பிச்சேன்"னான்.

அதுக்குள்ள விஷயம் அங்க போயிடுச்சு. மத்தியானம் வைத்தீஸ்வரன் சார் போன். "சியாமளாம்மா, முகமே தெரியாத மேக்கப். கடைசி சீன்ல உள்ள யார் இருந்தா என்ன? நீங்க கஷ்டப்பட வேணாம், வேற ஒரு பொண்ணை வெச்சு எடுத்துக்கிறோம்"னு தேன் மாதிரி பேசுறார். எனக்குத் தெரியாத தேனா இது! ஒருத்தரை எடுத்துட்டு ஒருத்தரை வெக்கிறதுதான் இவங்களுக்கு எவ்வளவு சுலபமா இருக்கு.

"அந்தப் பட்டை என் மூஞ்சிக்கு எடுத்த அச்சு சார். வேற எவளுக்கும் உக்காராது. நானே வர்றேன்"னு போனை வெச்சேன்.

செண்பகத்தை இன்னொருத்தி கையில விட மாட்டேன். செத்தாலும் நான்தான் சாவேன்.

ஜூலை 8, செவ்வாய்

கிளைமாக்ஸ் எடுத்தாச்சு. உடம்பெல்லாம் கோந்து நாத்தம். ஆனாலும் எழுதாமப் படுக்க முடியாது.

முகம் முழுக்கப் பட்டையோட இன்னிக்குத்தான் முதல் தடவை. கண்ணும் பல்லும் மட்டும்தான் என்னுது. பூச்சிமருந்து பாட்டில்ல நன்னாரி சர்பத் ஊத்திக் குடுத்தாங்க. குடிச்சேன், சரிஞ்சேன், கண்ணைத் திறந்தபடியே செத்தேன். புருஷனா நடிக்கிற பையன் வந்து பார்த்துட்டுக் கதவைச் சாத்திட்டுப் போனான். கட். டேக் ஓகே.

சாவு சீன் எடுத்தா எங்க லைன்ல ஒரு சம்பிரதாயம். செத்தவங்க உடனே எந்திரிச்சு, அதே வேஷத்தோட கேமராவைப் பார்த்துச் சிரிக்கணும். அதையும் ஒரு ஷாட்டா எடுத்துடுவாங்க. அப்பத்தான் அந்தச் சாவு நம்ம மேல ஒட்டாதாம். படத்துல வராது, சும்மா சகுனத்துக்கு. முகிலன் பகுத்தறிவு பேசுறவன்தான், அவனே "அக்கா, ஒரு சிரிப்பு குடுத்துடுங்க, எனக்கே பயமா இருக்கு"ன்னான். கேமரா ஓடுச்சு.

எந்திரிச்சு உக்காந்தேன். கையில இன்னும் அந்தப் பாட்டில் இருந்துச்சு. ஸ்டிக்கர்ல ஒரு செடி படம், பக்கத்துல செத்த பூச்சி படம். அப்பத்தான் தோணுச்சு. அடப்பாவிகளா! மரத்துக்குப் பூச்சிமருந்து ஊத்தினா மரமா சாகும்? பூச்சிதானேடா சாகும்!

எனக்கு அப்படி ஒரு சிரிப்பு வந்துச்சு. சகுனத்துக்குச் சிரிக்கிறவங்க பல்லைக் காட்டிட்டு நிறுத்திடுவாங்க. என்னால நிறுத்த முடியலை. வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறேன், பட்டை கன்னத்துல ஏறி இறங்குது, கண்ணுல தண்ணி. ரெண்டு வருஷம் ஆகியிருக்கும் நான் இப்படிச் சிரிச்சு. முதல்ல யூனிட்டும் சிரிச்சாங்க. அப்புறம் ஒவ்வொருத்தரா நிறுத்திட்டாங்க. கேமராமேன் மட்டும் கட் சொல்லாமக் கிட்ட வந்துக்கிட்டே இருந்தார்.

ஸ்டீபன் பட்டையை எடுக்கும்போது முகிலன் வந்தான். "ஏன்க்கா அப்படிச் சிரிச்சீங்க?" பூச்சிமருந்து விஷயத்தைச் சொன்னேன். அப்புறம் வெளியே போய் கேமராமேனைக் கூப்பிட்டான்.

ஜூலை 9, புதன்

ஷூட்டிங் இல்லை. வத்தக்குழம்பு வெச்சேன். வீட்டுக்காரர் சாப்பிட உக்காந்ததும் டிவிக்கும் அவருக்கும் நடுவுல போய் நின்னேன்.

"என்ன, மறைக்கிறே?"ன்னார்.

"மறைக்கலை. காட்டுறேன். என் மூஞ்சியைப் பாருங்க."

தட்டைப் பார்த்தார். "பாருங்கன்னேன்." நிமிர்ந்தார். நெத்தியைப் பார்த்தார், கன்னத்தைப் பார்த்தார், தாடையில மாத்திரையால புதுசா வந்திருக்கிற முடியைப் பார்த்தார். எவ்வளவு நாளாச்சு! மனுஷன் கண்ணு கலங்கிடுச்சு. "பார்த்தா நீ வருத்தப்படுவியேன்னுதான்"னார்.

"நீங்க பார்க்காததுதாங்க எனக்கு வருத்தம். சளியாம் சளி. ஏசி மேல பழியைப் போட்டுட்டுப் படுத்துக்கிட்டிருக்கீங்க."

"மாத்திரையை நிறுத்தினா பழையபடி ஆகிடும்ல?"

"நிறுத்த முடியாது. இதுதான் நான். கூட இருந்தா இதைப் பார்த்துக்கிட்டு இருங்க. இல்லேன்னா ஹால்லயே இருங்க. ஆனா தெரியாத மாதிரி மட்டும் இருக்காதீங்க, எனக்குப் பத்திக்கிட்டு வருது."

டிவியை அணைச்சார். குழம்புல உப்பு கம்மின்னார். கம்மிதான்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

டப்பிங். கடைசி ரீல்.

முகிலன் ரெண்டு முடிவு வெட்டி வெச்சிருக்கான். ஒண்ணு, புரொடியூசர் கேட்டது. விஷம் குடிக்கிறா, சாகுறா, புருஷன் கதவைச் சாத்துறான். இன்னொண்ணுல புருஷன் கதவைச் சாத்தினதுக்கு அப்புறம் அவ எந்திரிச்சு உக்காந்து சிரிக்கிறா. நான் சகுனத்துக்குச் சிரிச்ச அதே சிரிப்பு. ஷூட்டிங்ல சத்தம் பதிவாகலை. அதனால வாய் மட்டும் அசையுது, சத்தம் இல்லாம.

"அக்கா, ரெண்டுக்கும் பேசிடுங்க"ன்னான்.

"ஒண்ணுக்குத்தான் பேசுவேன்"னேன். "கடைசி மூச்சை நான் விட மாட்டேன்."

வைத்தீஸ்வரன் சார் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இன்ஜினியர் பக்கத்துல உக்காந்திருந்தார். மைக்ல அவர் குரல். "ஏம்மா அடம் பிடிக்கிறீங்க? ஒரு மூச்சுதானே. டப்பிங் ஆர்ட்டிஸ்ட் யார் விட்டாலும் மூச்சு மூச்சுதான்."

உண்மைதானே. கூப்பிட்டா வரிசையில நிப்பாங்க. திரும்பிக் கதவைப் பார்த்தேன். அப்பத்தான் முகிலன் வாயைத் திறந்தான். இத்தனை நாள்ல அவன் அவரை எதிர்த்துப் பேசி நான் கேட்டதே இல்லை.

"மூச்சுக்கு வேற ஆள் போடலாம் சார். இந்தச் சிரிப்புக்கு யாரைப் போடுவீங்க?"

"சிரிப்பே வேணாங்கிறேன்ல!"

"அப்ப பூச்சிமருந்துல மரம் எப்படிச் சாகும்னு நீங்களே சொல்லுங்க சார். சொல்லிட்டீங்கன்னா வெட்டிடுறேன்."

கண்ணாடி வழியா பார்த்தேன். புரொடியூசர் உதட்டைக் குவிச்சுக்கிட்டு திரையைப் பார்க்குறார். அதுல என்னைப் பட்டையோட, வாய் நிறையச் சிரிப்போட, அப்படியே நிறுத்தி வெச்சிருக்காங்க. ரொம்ப நேரம் அந்த முகத்தைப் பார்த்தார். அப்புறம், "முதல்ல சத்தத்தைக் குடுக்கச் சொல்லு, கேப்போம்"னார்.

சிவப்பு விளக்கு எரிஞ்சுது. திரையில செண்பகம் எந்திரிச்சு உக்காந்தா. நான் சிரிச்சேன். அவளுக்காக ஆரம்பிச்சேன், அப்புறம் யாருக்காகன்னு தெரியலை, சிரிச்சுக்கிட்டே இருந்தேன். திரை அணைஞ்சு போச்சு, நான் நிறுத்தலை. முகிலன் அந்தப் பக்கம் முகத்தைப் பொத்திக்கிட்டு நிக்கிறான். புரொடியூசர், "வெச்சுத் தொலைங்கப்பா"ன்னு எந்திரிச்சு வெளியே போறார், போகும்போது அவருக்கே சிரிப்பு வருது.

இன்ஜினியர் ஹெட்ஃபோனைக் கழட்டினார். "அருமைக்கா. ஆனா இன்னொரு டேக் போயிடலாமா? சிரிப்புக்கு முன்னாடி நீங்க மூச்சை இழுக்குற சத்தம் பெருசா விழுந்திருக்கு."

"அது இருக்கட்டும்"னேன். "செத்தவளுக்குத்தான் மூச்சு இருக்காது."